மகள் கலந்த வைன்

என் மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் திராட்சை பயிரிட்டு வைன் செய்கிறார்கள். போர்ச்சுகலில் ஓர் ஆற்றை ஒட்டிய மலைச்சரிவில் அவர்களுடைய தோட்டம் இருக்கிறது. மருமகனின் தாத்தா காலத்தில் தொடங்கிய தொழில். வெளியாட்கள் அதிகம் கிடையாது. சம்பந்திகள் இருவர், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், இப்போது என் மகள். நுண்ணுயிரியல் மேற்படிப்புக்கென்று போனவள், படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு வைன் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பரிசோதனைக்கு மாதிரி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் பையனையே கல்யாணமும் செய்துகொண்டாள். எனக்கு விசா வர நாளாகிவிட்டது. மகளின் கல்யாணத்தை நெய்வேலியில், ஹாலில் சோபாவில் உட்கார்ந்து போனில் பார்த்தேன்.

நான் இங்கே நிலக்கரிக் கம்பெனியின் அனல்மின் நிலையத்தில், தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் இருக்கிறேன். பாய்லருக்குள் போகிற தண்ணீரில் உப்பு, சிலிக்கா என்று எதுவும் இருக்கக் கூடாது. ஷிப்டு முழுக்க மாதிரி எடுப்பதும் மீட்டரில் பார்ப்பதும்தான் வேலை. எல்லாம் சரியாக இருந்தால் கண்ட்ரோல் ரூமுக்கு போன் செய்து "நார்மல்" என்று சொல்வோம். வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்தார். மகள் வெளிநாடு போன மறு வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து குவார்ட்டர்ஸில் நான் மட்டும்தான். ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்புறம் எங்கே போவீர்கள் என்று யாராவது கேட்டால் "பார்க்கலாம்" என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் கூப்பிடுவாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து சம்பந்தியம்மா எட்டிப் பார்த்துக் கை அசைப்பார். எனக்குச் சொந்த ஊர் கம்பம் என்றும், கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்குப் பேர்போனது என்றும் மகள் எப்போதோ அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து சம்பந்திக்கு நான் திராட்சை தெரிந்த மனுஷி. உங்கள் பக்கம் எந்த மாதத்தில் கொடியை வெட்டிக் கவாத்து செய்வீர்கள், மழை அடித்தால் பழம் வெடிக்குமா என்றெல்லாம் மகள் மூலமாகக் கேட்பார். என் அப்பா பஸ் கண்டக்டர். எங்களுக்கு ஒரு கொடிகூடச் சொந்தமாகக் கிடையாது. திராட்சையை நாங்களும் கடையில் வாங்கித்தான் தின்றோம்.

"உண்மையைச் சொல்லிடேன்டி" என்பேன்.

"விடும்மா. அவருக்கு அதுல ஒரு சந்தோஷம்" என்பாள்.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு முன்பாகவே கூப்பிட்டாள். குரலில் ஒரு படபடப்பு இருந்தது.

"அம்மா, இந்த வருஷ வைனை நான் கலந்தேன்."

"கலந்தேன்னா?"

"ரெண்டு தோட்டத்துப் பழம்மா. ஒண்ணு தாத்தா வெச்ச பழைய கொடி, கொஞ்சம் முரடு. இன்னொண்ணு மேல இருக்கிற புதுத் தோட்டம், அது சாது. ரெண்டையும் தனித்தனியா வைன் பண்ணிட்டு, எதுல எவ்வளவுன்னு பாத்துப் பாத்துக் கலக்கணும். இதுவரைக்கும் மாமாதான் கலப்பார். இந்த வருஷம் என்னைக் கலக்கச் சொல்லிட்டார்."

இது பீப்பாயில் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிற வைன் இல்லையாம். புரட்டாசியில் பறித்த பழம் பங்குனிக்குள் பாட்டிலுக்கு வந்துவிடும். இளம் வைன். அந்த வருஷத்துக்குள்ளேயே குடித்துத் தீர்த்துவிடுவார்களாம். ஒரு பாட்டிலை எனக்குக் கொடுத்தனுப்பப் போவதாகச் சொன்னாள்.

"நான் என்னடி பண்றது அதை வெச்சு?"

"குடிச்சுப் பாத்துச் சொல்லணும். நாங்க இங்க மதியம் சாப்பிட உக்காரும்போது நீயும் போன்ல இரு. எல்லாரும் சேர்ந்து குடிக்கலாம்."

சின்ன வயதில் இருமலுக்கு ஒரு மூடி பிராந்தி கொடுத்திருக்கிறார்கள். அதைத் தவிர நான் எதையும் குடித்தது கிடையாது. ஆனால் மறுக்க வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது அவளுக்கு இருந்த அதே முகம் திரையில் தெரிந்தது.

பாட்டிலைக் கொண்டுவந்தது லிஸ்பனில் வேலை பார்க்கும் ஒரு பெண், மகளின் சிநேகிதி. அவளுடைய அப்பா அம்மா பாண்டிச்சேரியில் இருக்கிறார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டேன். உடையாமல் இருக்க மருமகனின் கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் பாட்டிலை நுழைத்து அனுப்பியிருந்தாள். அவ்வளவு பெரிய காலுறையை நான் பார்த்ததில்லை. பாட்டிலின் பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில் அந்த வீட்டார் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஆங்கில எழுத்துதான், ஆனாலும் எதுவும் வாயில் நுழையவில்லை. கடைசியாக இருந்த பெயரை மட்டும் படிக்க முடிந்தது. நானும் என் கணவரும் வைத்த பெயர்.

திரும்பி வரும்போது வெயில் படக் கூடாது என்று பாட்டிலைக் காலுறையோடு மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தேன். பாண்டிச்சேரி எல்லையைத் தாண்டும் இடத்தில் சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். போலீஸ்காரர் ஒருவர் ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

"இன்னாம்மா அது, கொழந்த மாதிரி மடியில வச்சிகினு இருக்கீங்க?"

"பாட்டில்ங்க."

"இன்னா பாட்டிலு?"

அரிஷ்டம் என்று சொல்ல வேண்டும் என வழியெல்லாம் நினைத்துவைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. "வைனுங்க" என்றேன்.

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

அவர் காலுறையிலிருந்து பாட்டிலை உருவி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாண்டில வாங்கனதா?"

"இல்லைங்க. எம் பொண்ணு வெளிநாட்டுல இருக்கா. அவ வீட்டுல பண்ணினது. அவ சிநேகிதப் பிள்ளை கொண்டாந்து குடுத்துச்சு."

"உங்க பொண்ணு இத காச்சுதா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும், "காய்ச்சுறது இல்லைங்க. கலக்குறது" என்றேன்.

அவர் என் நரையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவரே அதைக் காலுறைக்குள் பத்திரமாகச் செருகினார். "ஒண்ணுதானே? பையில போட்டு மூடிகினு உக்காருங்கம்மா. மடியில வச்சிகினு இருந்தா பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

பஸ் கிளம்பியது. பக்கத்தில் பண்ருட்டிக்கு டிக்கெட் எடுத்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும், "பொண்ணு எந்த ஊருங்க?" என்றார்.

"போர்ச்சுகல்."

"தூரங்களா?"

"தூரந்தாங்க."

"வூட்டுக்கு வருமா?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை."

அவர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். "எம் பொண்ண நெல்லிக்குப்பத்துல குடுத்திருக்கிறன். தோ இருக்குது நெல்லிக்குப்பம். அது வூட்டுப் பக்கம் வந்து எம்மாம் நாளு ஆவுது" என்றார். பிறகு காலடியில் இருந்த கூடையிலிருந்து இரண்டு பலாச்சுளையை எடுத்து என் கையில் வைத்தார். பண்ருட்டியில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, பாட்டிலை ஃபிரிட்ஜில் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் ஃபிரிட்ஜைத் திறக்கப் போவதில்லை. உண்மையில் வருகிறவர்களே யாரும் கிடையாது. இருந்தும் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஆயத்தங்களைத் தொடங்கினேன். அவர்களுடைய மதியச் சாப்பாட்டு நேரம் எனக்குச் சாயங்காலம். தலை வாரிக்கொண்டு ஒரு நல்ல புடவை கட்டினேன். அப்புறம்தான் பாட்டிலில் மூடி இல்லை, தக்கை அடித்திருக்கிறார்கள் என்பது உறைத்தது. அதைத் திறக்க ஒரு திருகாணிச் சாமான் வேண்டும். அது என்னிடம் இல்லை. பக்கத்து குவார்ட்டர்ஸில் கேட்கலாம். எதற்கு என்று கேட்பார்கள். பரணிலிருந்து கணவரின் டூல் பாக்ஸை இறக்கினேன். அவர் போன பிறகு அதைத் திறக்கவே இல்லை. நீளமான ஸ்க்ரூ ஒன்றை எடுத்து ஸ்க்ரூ டிரைவரால் தக்கைக்குள் இறக்கி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு இழுத்தும் பாதித் தக்கைதான் வந்தது. மீதியை ஸ்பூன் காம்பால் உள்ளே தள்ளிவிட்டேன். அவர் இருந்திருந்தால் "இரு, இரு, கொண்டா இங்க" என்று பிடுங்கியிருப்பார். அவரும் ஒழுங்காகத் திறந்திருக்க மாட்டார்.

டீ வடிகட்டியைப் பிடித்து கிளாஸில் ஊற்றினேன். ஸ்போர்ட்ஸ் டேயில் ஊழியர் மனைவிகளுக்கு வைத்த மியூசிக்கல் சேரில் எப்போதோ பரிசாகக் கிடைத்த லெமன் செட்டின் கிளாஸ். எங்கள் வீட்டில் இருப்பதிலேயே அழகானது அதுதான். உள்ளே வைன் கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தது. விளிம்பில் மட்டும் பீட்ரூட் வெந்த தண்ணீரின் நிறம்.

போன் அடித்தது. நீள மேஜை, அதைச் சுற்றி முகங்கள். சம்பந்தி, சம்பந்தியம்மா, மருமகன், அவனுடைய அண்ணன், அண்ணன் மனைவி, பிள்ளைகள், அக்கம்பக்கத்துக்காரர்கள். ஒரு பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே குரலில் எனக்கு வணக்கம் சொன்னார்கள். மருமகன் தமிழிலேயே "வணக்கம் அத்தே" என்றான். மகள் கிளாஸை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன்.

"முதல்ல மோந்து பாரும்மா. அப்புறம் கொஞ்சமா வாயில வெச்சுக்கோ. உடனே முழுங்காத."

அவ்வளவு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பத்துக்காரி என்ன சொல்லப்போகிறாள் என்று சம்பந்தி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் மோந்தேன், பதற்றத்தில் எந்த வாசனையும் தெரியவில்லை. ஒரு வாய் குடித்தேன். முதலில் புளிப்பு. அடுத்து நாக்கின் இரண்டு பக்கத்தையும் ஏதோ இறுக்கிப் பிடித்தது. முந்திரிப் பழத்தைக் கடித்தால் தொண்டையில் ஒரு காறல் வருமே, அந்த மாதிரி. முகம் சுளித்துவிடக் கூடாது என்பதிலேயே முழுக் கவனமும் போயிற்று.

"நல்லா இருக்கு" என்றேன்.

மகள் அவர்கள் பக்கம் திரும்பி அதைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே போனாள். கையை ஆட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, கிளாஸைக் காட்டி, மறுபடியும் தொடர்ந்தாள். முடித்ததும் மேஜையில் ஒரே ஆரவாரம். சம்பந்தி எழுந்து நின்று என்னை நோக்கி கிளாஸை நீட்டினார். நான் சொன்னது இரண்டே வார்த்தை. அவள் என்ன சொன்னாளோ தெரியவில்லை. நானும் சிரித்தபடி கும்பிட்டேன்.

பிறகு சாப்பாடு வந்தது. மகள் போனை ஒரு ஜாடியின்மேல் சாய்த்து வைத்தாள். "அப்படியே இரும்மா, நாங்க சாப்பிடறோம். எங்க கூடவே இருக்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

இருந்தேன். திரையில் ரொட்டிக் கூடை ஒன்று, யாருடையதோ முழங்கை, அதற்கு மேல் கொஞ்சம் வானம். தட்டுகள் கைமாறின. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நடுநடுவே மகளின் சிரிப்பு கேட்டது. அது நான் அறிந்த சிரிப்பாக இல்லை. அவள் இங்கே சிரித்தால் மூச்சை உள்ளே இழுத்து, கடைசியில் இருமிவிடுவாள். இது கச்சிதமான ஒரு சிரிப்பு. மற்றவர்கள் நிறுத்தும்போது அதுவும் நின்றது. முதலில் சில முறை யாரோ என் பக்கம் திரும்பிக் கை அசைத்தார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பசி நேரம். நான் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, முன்னால் கிளாஸை வைத்துக்கொண்டு ரொட்டிக் கூடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கட் செய்தால் கோபித்துக்கொண்டதாக நினைப்பார்களோ என்று கட் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜாடி நகர்ந்ததோ என்னவோ, போன் சரிந்து கவிழ்ந்துவிட்டது. திரை இருட்டாகி, சத்தம் மட்டும் கேட்டது. யாரும் எடுத்து நிமிர்த்தவில்லை. அந்த இருட்டையும் சிறிது நேரம் பார்த்துவிட்டு நானே அணைத்தேன்.

வீடு சட்டென்று பெரிதானது போல இருந்தது. வெளியே ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் போகும் சத்தம். கிளாஸில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன்.

இப்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடி மோந்தேன். இந்த முறை வாசனை வந்தது. எங்கள் தெருவில் நாவல் மரத்தடியில் பழம் விழுந்து, மிதிபட்டு, வெயிலில் காய்ந்து கிடக்கும்போது ஒரு வாசனை வரும். அது. அதற்கு அடியில் மிளகு மாதிரி ஏதோ ஒன்று. ஒரு வாய் குடித்தேன். புளிப்பு, இறுக்கம், காறல் எல்லாம் வந்த வரிசையிலேயே வந்தன. காறல் போன பிறகு வாயில் ஒரு தெளிவு இருந்தது. ஒவ்வொரு வாயாகக் குடித்து முடித்தேன். எனக்கு அது பிடித்திருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவள் கையால் செய்து நான் வாயில் வைத்தது வெகு நாளைக்குப் பிறகு இதுதான். அவள் பத்தாவது படிக்கும்போது போட்ட காபிக்கு அப்புறம். சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்வதற்கு இந்த வீட்டில் ஆள் இல்லை.

மறுநாள் லேபில் உடன் வேலை பார்க்கும் அம்மா, "சண்டே என்ன பண்ணீங்க?" என்றார். "சும்மாதான் இருந்தேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே மகள் கூப்பிட்டாள். திங்கட்கிழமை அவள் கூப்பிடுவது கிடையாது. பின்னால் பெரிய எஃகுத் தொட்டிகள் தெரிந்தன. வைன் கூடத்தில் தனியாக நின்றிருந்தாள்.

"நேத்து போன் விழுந்ததைப் பாக்கவே இல்லம்மா. ஸாரி."

"அதனால என்ன. நான் ரெண்டு வார்த்தைதானே சொன்னேன், நீ என்னடி அவ்வளவு நீளமா சொன்ன?"

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு வார்த்தையில சொன்னா இவங்க பிடிக்கலைன்னு நெனச்சுக்குவாங்கம்மா. அதான் நானா சேத்துச் சொன்னேன்." பிறகு, "நிஜமாச் சொல்லு. எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"காறுது."

தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோய் வேகமாகத் தொடர்ந்தேன். "ஆனா அந்தக் காறல் அப்படியே நிக்கல. கடைசியில வாய் சுத்தமா இருக்கு. உங்க எல்லார் முன்னாடியும் தெரியல. அப்புறம் பின்வாசல்ல தனியா உக்காந்து குடிச்சப்பதான் தெரிஞ்சுது. நம்ம தெரு நாவல் மரம் இருக்கே, அதுக்கடியில வர்ற வாசனை."

"ஐயோ அம்மா" என்றாள். குரல் உடைந்தது. "பழைய கொடிப் பழத்தை நான் கூடுதலா சேத்துட்டேன். மாமா வேண்டாம்னுதான் சொன்னார், அப்புறம் உன் இஷ்டம்னு விட்டுட்டார். இங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. இவங்க பாஷையில நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் பிடிபடலம்மா. நீ காறுதுன்னு சொன்னியே, அது எனக்குப் புரியுது."

"அங்க உனக்கு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லவங்கம்மா எல்லாரும். ஆனா மேஜையில ஜோக் சொன்னா எனக்குப் பாதி புரியாது. அவங்க சிரிக்கும்போது சேந்து சிரிச்சுடுவேன். என்னன்னு ராத்திரி அவர்கிட்ட கேட்டுப்பேன்."

அந்தக் கச்சிதமான சிரிப்பைக் கேட்டு, அவள் அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"மீதி இருக்காம்மா?" என்றாள்.

"முக்கால் பாட்டில் இருக்கு."

"தினம் கொஞ்சம் குடிச்சு எப்படி மாறுதுன்னு சொல்றியா? காத்து பட்டா மாறும்."

அந்த வாரம் தினமும் கூப்பிட்டாள். நான் ஷிப்டு முடிந்து வந்து குளித்து, அரை கிளாஸ் ஊற்றிக்கொண்டு காத்திருப்பேன். நேற்றைவிட இன்று பிடி தளர்ந்திருக்கிறது என்பேன். நாவல் வாசனை குறைந்து உலர்திராட்சை மாதிரி வருகிறது என்பேன். "அப்படியா, அப்படியா" என்று கேட்பாள். பேச்சு அதோடு நிற்காது. அவளுடைய அப்பாவைப் பற்றி, அங்கே அரிசி சரியாக வேகாதது பற்றி, மாமியார் தன் தலைமுடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது பற்றி எல்லாம் பேசினாள். ஒரு நாள் நான் ஏதோ சொல்லப்போய், அவள் மூச்சை உள்ளே இழுத்துச் சிரித்து இருமினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வாயில் வைத்ததும் காடி மாதிரி இருந்தது. "புளிச்சுப்போச்சுடி" என்றேன்.

"அவ்வளவுதாம்மா. இளம் வைன், அதுக்கு மேல தாங்காது. கொட்டிடு" என்றாள்.

சனிக்கிழமை போன் வரவில்லை. வரும் என்று அவளும் சொல்லியிருக்கவில்லை. குளித்துவிட்டு, பழக்கத்தில் கிளாஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, திரும்ப அலமாரியில் வைத்தேன். புளித்ததைச் சொல்லாமல், இன்னும் ஒரு நாள் தாங்கும் என்று நேற்றுச் சொல்லியிருக்கலாம் எனத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பேசினோம். பக்கத்தில் சம்பந்தியம்மா இருந்தார். பழைய கொடிப் பழத்தை அடுத்த வருஷமும் அதே அளவு சேர்க்கலாம் என்று மாமா சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அம்மாவுக்குக் காறியது என்று அவரிடம் சொன்னாளாம். காறத்தான் வேண்டும், இப்போதுதானே பிறந்திருக்கிறது என்று அவர் சிரித்தாராம். அறுவடைக்கு என்னைக் கட்டாயம் வரச் சொன்னார்கள். லீவு இருக்கிறது, விசாவுக்கு இந்த முறை முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறேன் என்றேன். யாரோ விருந்தாளிகள் வந்துவிட்டதால் பேச்சு சீக்கிரமே முடிந்தது.

பிறகு விளக்கைப் போட்டு, ஒரு ஆளுக்கு அரிசி களைந்து குக்கரில் வைத்துவிட்டு, மறுநாள் ஷிப்டுக்குக் கட்ட வேண்டிய புடவையை எடுத்துவைத்தேன்.